கெண்டைக்காலில் ஊதாப் பொட்டு

அந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை தையற்காரர் வேலை. நம்ப மாட்டீர்கள். நர்சுக்குப் படித்துவிட்டு வந்தவள் நான். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் காய்ச்சல் பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் அப்புறம். முதலில் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பை எடுத்து, படுத்திருக்கிற ஒவ்வொருவர் கெண்டைக்காலையும் சுற்றி அளந்து நோட்டில் எழுத வேண்டும். வலது கால், இடது கால், இரண்டும். ஒருவரையும் விடக் கூடாது.

"நர்சம்மா, எனக்கு முழுக் கால்சட்டையா, அரைக் கால்சட்டையா?" என்று குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர் ஒருவர் தினமும் கேட்பார். "உங்க வாய்க்கு ஒரு பை தைக்கப் போறேன், சும்மா படுங்க" என்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் மூச்சிரைக்க வந்து சேரும். இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த வயதில் இதுதான் என் பெருமை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. குருபரப்பள்ளியிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது அந்தச் சின்ன ஆஸ்பத்திரி. ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தியது. பெயர் வேண்டாம். ஆண்களுக்கு ஒரு ஓட்டுக் கட்டடம், பெண்களுக்கு ஒன்று, நடுவில் ஒரு புங்கமரம். நான் மத்தூர்ப் பக்கத்துப் பெண். வார்டில் ஒரு கட்டிலில் தமிழ் கேட்கும், அடுத்த கட்டிலில் தெலுங்கு, அதற்கடுத்ததில் கன்னடம். ஒரு வாரத்தில் மூன்று மொழியிலும் திட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

டாக்டர் மைசூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுவார். அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவார். அளவு டேப் அவருடைய ஏற்பாடு. எதற்கு இந்தக் கூத்து என்று இரண்டாம் நாளே கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உட்காரச் சொல்லி, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தது. புண்ணும் ஆறியது. பத்து நாள் அசையாமல் படுக்க வைத்தார்கள். பதினோராம் நாள் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று எழுந்து நின்றவர் நெஞ்சில் கையை வைத்தார், விழுந்தார், போய்விட்டார். மாரடைப்பு என்று சொன்னார்கள்.

"அதுக்கு ரெண்டு நாள் முன்னால அவர் ஒரு கால் வீங்கி இருந்தது சிஸ்டர். நான் பார்த்தேன். மெடிக்கல் காலேஜில் படிச்சிட்டு இருந்தேன். ஆனா பார்த்தும் எனக்குப் புரியல."

படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் மெதுவாக ஓடும், சில பேருக்கு உள்ளே உறைந்து கட்டியாகும், கால் வீங்கும். கட்டி அங்கேயே கிடந்தால் பிழைத்தோம். பிய்த்துக்கொண்டு மேலே ஏறி நுரையீரலில் போய் அடைத்தால் ஆள் காலி. இதை அவர் வாய்க்காலில் சருகு அடைப்பதைக் காட்டுகிற மாதிரி கையை வைத்துக் காட்டினார். யாருக்கு இது வரும், யாருக்கு வராது? அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு அவரிடம் பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. டேப்பும் நோட்டும் நானும்தான் இருந்தோம்.

நோட்டில் கட்டம் கட்டி வைத்திருந்தார். வயது, உடல்வாகு, இருதயக் கோளாறு உண்டா, எத்தனை நாள் படுக்கை, கால் அளவு. கடைசிக் கட்டத்தில், 'என்ன செய்யப்பட்டது.' தினமும் காலின் அதே இடத்தில் அளக்க வேண்டுமே, அதற்காக முழங்காலுக்கு நாலு விரல் கீழே ஜென்ஷன் வயலெட்டால் ஒரு பொட்டு வைப்போம். புண்ணுக்குப் போடுகிற அந்த ஊதா மருந்துதான். லேசில் அழியாது. சனங்கள் அதை என்னவோ கட்டிப்போடுகிற பொட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். "அந்தப் பொட்டு வெச்சா ஒண்ணும் அண்டாதாமே" என்று பார்க்க வந்தவர்களெல்லாம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு காலை நீட்டினார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பினால் பாட்டிலைத் திறந்து தாங்களே விரலை முக்கி வைத்துக்கொள்வார்கள். "பாட்டிலைத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்துவேன்.

அளந்து எழுத எழுத ஒன்று எனக்கே கண்ணில் பட்டது. கூலிக்குப் போகிற வீட்டுப் பெண்கள் பிள்ளை பெற்ற மறுநாளே எழுந்து தண்ணீர்த் தொட்டியண்டை துணி அலசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கால் இரண்டும் ஒரே அளவில் இருக்கும். நிலபுலன் உள்ள வீட்டுப் பெண்களைக் கட்டிலிலிருந்து இறக்க மாட்டார்கள். அவர்களில்தான் யாருக்காவது ஒரு கால் மினுமினுவென்று வெளுத்து வீங்கும்.

"அவங்க உடம்பு இரும்பு டாக்டர்" என்றேன், துணி அலசுகிறவளைக் காட்டி.

"இரும்பு இல்ல சிஸ்டர். அவங்களை யாரும் படுக்க விடல" என்றார்.

எனக்கு அது சுருக்கென்றது. என் அம்மாவும் அப்படி எழுந்து போனவள்தான்.

ஆக டாக்டர் உத்தரவு, ஆபரேஷனோ பிரசவமோ, முடிந்தவரை சீக்கிரம் உட்கார வைக்க வேண்டும், நிற்க வைக்க வேண்டும், வார்டுக்குள் நாலு நடை நடக்க வைக்க வேண்டும். சொல்வது அவர், செய்ய வைப்பது நான். சொந்தபந்தம் விட்டால்தானே! "தையல் பிரிஞ்சுடும்", "கர்ப்பப்பை எறங்கிடும்", "காத்து பூந்துடும்" என்று கட்டிலைச் சுற்றி அணை கட்டி நிற்பார்கள். நான் இந்தப் பக்கம் எழுப்பினால் அவர்கள் அந்தப் பக்கம் படுக்க வைப்பார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. "நடக்கத்தான் வுட மாட்டேங்கறீங்க, காலையாவது நல்லா அமுக்கி வுடுங்களேன்! ரத்தம் ஓடட்டும்!" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

அது டாக்டர் சொன்னதில்லை. நானே கண்டுபிடித்த வைத்தியம். ஆனால் என்ன அதிசயம்! நடக்கச் சொன்னபோது முறைத்தவர்கள் எல்லாம் இதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கால் அமுக்குவது அவர்களுக்குத் தெரிந்த வேலை. ஏர் ஓட்டி வந்தாலும், களை எடுத்து வந்தாலும், ஜுரம் அடித்தாலும் எங்கள் பக்கத்தில் முதலில் காலைத்தான் பிடித்துவிடுவார்கள். அன்று மாலையே கட்டிலுக்குக் கட்டில் ஒருத்தி உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தாள். பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. டாக்டரிடம் சொல்லத் தோன்றவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம்தான் அவள் வந்தாள். மலைமேல் இருக்கிற நாட்றாம்பாளையத்துக்காரி. தலைப்பிரசவத்துக்காகக் குருபரப்பள்ளியில் இருக்கும் மாமன் வீட்டுக்கு வந்தவள். இரண்டு நாள் வலி கண்டும் பிள்ளை இறங்கவில்லை என்று வண்டி கட்டிக் கூட்டி வந்தார்கள். டாக்டர் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார். பெண் குழந்தை. எடுத்த உடனே அது போட்ட சத்தத்தில் ஆண்கள் வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தாய் வாடின கீரைத்தண்டு மாதிரி துவண்டு கிடந்தாள். ஆனாலும் கண்ணைத் திறந்ததும் முதலில் என்னைப் பார்த்து, "என்னம்மா இது, கொயந்தையும் ஒன்ன மாதிரியே கத்துது" என்றாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மறுநாள் அவள் புருஷன் மலையிலிருந்து வந்து சேர்ந்தார். கொஞ்சம் காட்டை ஒட்டிய பூமி, ராகியும் கொள்ளும் போடுகிறவர். ஊரில் மாட்டுக்குச் சுளுக்கு எடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்களாம். கை ஒவ்வொன்றும் முறம் அளவு. பேச்சு மட்டும் கிடையாது. எது சொன்னாலும் "செரிங்க" என்பார்.

மாமன் வீட்டார் பத்து நாள் கால் தரையில் படக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் வழக்கம்போல் சண்டை போட்டேன், வழக்கம்போல் தோற்றேன். அவரிடம் திரும்பி, "நீங்களாவது வேளைக்கு வேளை காலை அமுக்கி வுடுங்க" என்றேன்.

"செரிங்க."

மற்ற வீட்டில் யாராவது ஒரு பெண்பிள்ளை கடனுக்கு நாலு அமுக்கு அமுக்கிவிட்டு ஊர்க்கதை பேசப் போய்விடும். இவர் அப்படி இல்லை. பார்க்கிற நேரம் மணி அடித்ததும் வந்துவிடுவார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, மாட்டின் தொடைக்குக் கொடுக்கிற கவனத்தோடு பெண்டாட்டி காலை அமுக்குவார். நாலு பேர் நடுவில் அப்படிச் செய்கிற புருஷனை அந்த நாளில் பார்த்ததுண்டா? வார்டே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அடுத்த கட்டில்காரி, "ஏம்மா, எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு நாள் கத்துக் குடுக்கச் சொல்லேன்" என்றாள். அவருக்குக் காது மடல் சிவக்கும். கை நிற்காது.

"சிரிக்காதீங்க! எல்லாரும் இவரைப் பாத்துக் கத்துக்குங்க" என்று நான்தான் பட்டம் கட்டினேன்.

ஐந்தாம் நாள் காலை அளந்தபோது அவள் இடது கால் ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தது. டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மறுபடி அளந்தேன். அதே அளவு. தோல் வெளுத்து, இழுத்துக் கட்டிய மாதிரி இருந்தது, தொட்டால் சுட்டது. "நேத்துலேர்ந்தே நோவுதும்மா" என்றாள். நோட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினேன். அவர் ஆண்கள் வார்டில் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். நான் திரும்பி வந்து வாசலில் நின்றேன்.

அவள் புருஷன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எப்படி முன்னதாக உள்ளே வந்தாரோ தெரியாது. வீக்கத்தைப் பார்த்திருக்கிறார். இலுப்பெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, அந்த இரண்டு முறக் கையாலும் கெண்டைக்காலை முழங்கால் பக்கமாக மேலே மேலே உருவிக்கொண்டிருந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

டாக்டர் அன்று கையை வைத்துக் காட்டிய வாய்க்காலும் சருகும் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. புத்தி மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"கையை எடுங்க! எடுங்க கையை! அவளைக் கொன்னுடுவீங்க!"

வார்டு அப்படியே நின்றது. அவர் எண்ணெய்க் கையை அந்தரத்தில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "நீங்கதான்..." என்று ஆரம்பித்தார். நான் அதற்குள், "பேசாதீங்க, வெளிய போங்க" என்று விரட்டிவிட்டேன். போய்விட்டார்.

டாக்டர் வந்து காலைப் பார்த்தார். எண்ணெய் வாடை அவர் மூக்கிலும் ஏறியிருக்க வேண்டும். தாழ்வாரத்துக்கு வந்ததும் நானே சொன்னேன். நடக்க விடாத கோபத்தில் நான்தான் எல்லாருக்கும் அமுக்கச் சொன்னேன், இத்தனை நாளாக நடக்கிறது, உங்களிடம் சொல்லவில்லை. திட்டுவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவர் நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். "நல்ல காலை அமுக்கினா ஆபத்து அதிகம் இல்ல. உறைஞ்ச காலை அமுக்கக் கூடாது. உறைஞ்சிருக்கா இல்லையான்னு வெளிய இருந்து பார்த்தா நமக்கே தெரியாது" என்றார். அப்புறம், "எழுதுங்க" என்றார்.

"என்ன எழுதறது டாக்டர்?"

"என்ன செய்யப்பட்டதுன்னு கட்டம் இருக்கே. எத்தனை நாள், எத்தனை வேளை, யார் சொல்லி. அது இல்லாம அளவு மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

எழுதினேன். இங்கிலீஷில்தான் எழுதுவது வழக்கம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பேர். அன்று எழுதிய வரியை இன்றைக்கு யாராவது பார்த்தால் கோழி கிளறியது என்பார்கள்.

அவள் கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம். ரத்தம் மேற்கொண்டு உறையாமல் தடுக்கிற ஊசி மருந்து ஒன்று பெங்களூரில் கிடைக்கும் என்று டாக்டருக்குத் தெரியும். பஸ் டிரைவரிடம் சீட்டுக் கொடுத்து விட்டார். மத்தியானம் போன சீட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மருந்தாக வந்தது. ஊசி அளவு கூடினால் வேறு பக்கம் ரத்தம் நிற்காது, குறைந்தால் பலன் இல்லை. அதற்கு ஒரு சோதனை. அவள் விரலைக் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, டாக்டரின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அரை நிமிஷத்துக்கு ஒரு துண்டாக உடைப்பேன். உடைந்த இரண்டு துண்டுக்கு நடுவே சிவப்பு நூல் மாதிரி இழுபட்டால் ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம். டாக்டர் குறித்துக் கொடுத்த நேரம்வரை நூல் வராமல் இருந்தால் நல்லது. நூல் வராத ஒவ்வொரு துண்டுக்கும் நான் வாய்க்குள் முருகா முருகா என்றுகொண்டிருப்பேன். "என்னம்மா, எங்கிட்ட சொல்லாம யாருகிட்ட பேசற?" என்பாள் அவள்.

இனி அந்தக் காலை ஒருவரும் தொடக் கூடாது, போர்வைகூட அழுத்தக் கூடாது. மாமன் வீட்டுப் பெண்கள் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். கோழி கவிழ்க்கிற கூடை மாதிரி ஒன்றைக் காலுக்கு மேல் கவிழ்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனிடம் கேட்டேன். எழுந்து போனார். பச்சை மூங்கில் வெட்டிவந்து, பிளந்து, இரண்டு பக்கமும் திறந்த கூடை ஒன்றை அங்கேயே பின்னினார். அதைக் கவிழ்த்து மேலே போர்வை போட்டதும், குடலிறக்கப் பெரியவர் ஜன்னலண்டை நின்று, "எத்தனை முட்டைம்மா வெச்சிருக்கீங்க?" என்றார். அவளும் சிரித்தாள். அவள் புருஷன் மட்டும் சிரிக்கவில்லை.

ஊசி ஆரம்பித்த மூன்றாம் நாள் மத்தியானம் அவளுக்கு இருமல் வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டாள், மூச்சு மேல்மூச்சு வாங்கியது, துப்பியதில் ஒரு ரத்தக் கோடு. டாக்டர் சோற்றுக் கையைக் கழுவாமல் ஓடி வந்தார். நெஞ்சில் வெகுநேரம் குழாய் வைத்துக் கேட்டார்.

"சின்னது ஒண்ணு போயிருக்கு" என்று என்னிடம் மட்டும் சொன்னார். "இன்னொண்ணு போகாம இருக்கணும். பெரிசா இருந்தா நம்ம கையில ஒண்ணும் இல்ல."

அதற்கடுத்த இரண்டு நாள் நான் எப்படி வேலை பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. எதிரில் வந்தவர்களை எல்லாம் கடித்தேன். பயந்தால் எனக்கு அப்படித்தான். அந்தப் பெண் செத்துப்போனால் இந்த ஜென்மத்துக்கு என் வாயை நான் மன்னிக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே ஊசியை வெந்நீரில் கொதிக்க வைத்தேன்.

அவள் புருஷன் தாழ்வாரத்தில் தூணோரம் உட்கார்ந்து மூங்கில் பிளந்துகொண்டே இருந்தார். ஒரு கூடை முடிந்ததும் இன்னொன்று. பக்கத்தில் தூளியில் குழந்தை வீல் வீலென்று கத்தும். அவர் எழுந்து போய் யாராவது ஒரு பெண்ணைக் கூட்டி வந்து தூக்கச் சொல்வாரே தவிர, தான் தொட மாட்டார். ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன்.

"ஏன், பொட்டப்புள்ளன்னு தூக்க மாட்டீங்களோ?" என்று சுருக்கென்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். நான் சரியாகக் கேட்டுவிட்டேன் என்ற திருப்தியோடு உள்ளே போனேன்.

இன்னொரு கட்டி போகவில்லை. இருமல் நின்றது. காய்ச்சல் விட்டது. டேப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. ஒரு வழியாக டாக்டர், "நாளைக்கு உட்கார வைங்க, அப்புறம் நிற்க, அப்புறம் நடக்க" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. மறுநாள் காலை கூடையை எடுக்கப் போனேன். அவள் புருஷன் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"வாணாங்க."

"என்ன வேணாம்?"

"மொதல்ல அமுக்குன்னீங்க. அப்புறம் தொடாதன்னீங்க. இப்ப நடன்றீங்க. எதைத்தாங்க நம்பறது? வண்டி கட்டச் சொல்லிட்டேன். நான் வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்."

அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. ஊசி மருந்து இன்னும் பாக்கி. மாட்டு வண்டி, அப்புறம் பஸ், அப்புறம் மலைப்பாதை. அதில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போனால் இத்தனை நாள் பட்டபாடு எல்லாம் பாழ். நான் வாயைத் திறந்தேன். டாக்டர் பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்த்தார்.

நல்ல வேளை, அந்த ஒரு தடவை புத்தி முன்னால் வந்தது.

"அமுக்கச் சொன்னது டாக்டர் இல்லீங்க" என்றேன். "நான்தான். எனக்கா தோணிச்சு, சொல்லிட்டேன். அது தப்பு. டாக்டருக்கே தெரியாது. நீங்க செஞ்சது நான் சொன்னதைத்தான்."

வார்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முகம் எரிந்தது. நோட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். 'நர்ஸ் சொன்னதன் பேரில் கணவர் வேளை தவறாமல் காலை அமுக்கினார். டாக்டரைக் கேட்காமல் சொன்னது நர்சின் தவறு.'

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோவுதுன்னு சொன்னா. கொஞ்சம் பொறுத்துக்கன்னு இன்னும் அழுத்திப் புடிச்சேன். நீங்க வந்து கொன்னுடுவன்னீங்க. மூணு நாளுல நெஞ்சு நோவுதுன்னா." நிறுத்தினார். "இந்தக் கையால கொயந்தையை எப்புடிங்க தூக்கறது?"

நோட்டை மூடினேன். டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன், நோட்டில் எழுதினேன், முருகனிடம்கூட முறையிட்டேன். இந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததோடு விட்டேனா, பெண் பிள்ளை என்று தூக்க மாட்டீங்களா என்று குத்தி வேறு வைத்தேன். அழுகையும் என்மேலேயே ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "மன்னிச்சுக்குங்க" என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் நான் யாரிடமும் சொன்ன நினைவில்லை.

டாக்டர்தான் தன் நிதானத் தமிழில் பேசினார். "ரத்தம் உறைஞ்சது உங்க கையால இல்ல. ரெண்டு நாள் வலி, அப்புறம் படுக்கை, அதனால. அமுக்கினதால ஒரு துண்டு நகர்ந்திருக்கலாம், நகராமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியல. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். இப்ப அவங்க நடக்கணும். அது தெரியும்."

புருஷன் கட்டிலை மறித்தபடியே நின்றார். அப்போது கட்டிலிலிருந்து அவள் குரல் கேட்டது.

"நீங்க மூணு பேரும் பேசி முடிச்சீங்கன்னா சொல்லுங்க. எனக்கு முதுகெல்லாம் மரத்துப் போச்சு. நான் எயுந்திருக்கட்டுமா, வாணாமா?"

பக்கத்துக் கட்டில்காரி முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும். அவள் அதற்குள் கூடையைத் தானே தள்ளிவிட்டு, காலைத் தொங்கப் போட்டுவிட்டாள். தரையில் பாதம் பட்டதும் கொஞ்சம் ஆடினாள். அவர் பிடிக்கக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார்.

"புடிய்யா" என்றாள். "வுயுந்துடப் போறேன்."

பிடித்தார். கண்ணாடிக் குழாயைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் முழங்கையைப் பிடித்தார். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தாள், ஜன்னலிலிருந்து கட்டிலுக்குத் திரும்பினாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. சனங்களைக் கேட்க வேண்டுமா? அன்று சாயங்காலத்துக்குள் அந்த வார்டில் பாதிப் பேர் தாங்களாகவே இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதவர்கள்!

வண்டியை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஊசி முடிகிறவரை இருந்தார்கள்.

மறுநாள் காலை டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வார்டுக்குள் வந்தேன். தாழ்வாரத்தில் தூளி காலியாக இருந்தது. அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், குழந்தை அவர் மடியில் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. என் இரண்டு விரல் தடிமன்கூட இல்லாத அதன் கெண்டைக்காலில், முழங்காலுக்குக் கீழே சரியாக, ஒரு ஊதாப் பொட்டு. பாட்டிலை யார் தொட்டது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் வலது கை ஆள்காட்டி விரல் நகம்வரை ஊதாவாக இருந்தது. நான் டேப்பை எடுத்து, குழந்தையின் காலையும் அளந்துகொண்டு உள்ளே போனேன்.